அமெரிக்கா படித்த முள்ளம்பன்றி

அமெரிக்காவுக்கு வெகு தொலைவில் இருந்த ஒரு காட்டில், அமெரிக்க அரசியல், பொருளாதார வரலாற்றைக் கரைத்துக் குடித்த முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. பெயர் பேராசிரியர் ஏகாம்பரம். அதனிடம் யாரும் அமெரிக்காவைப் பற்றிக் கேட்டதில்லை. அதுவாகவே சொல்லும். அதனால் பலர் சுற்றுவழியில் போனார்கள்.

பக்கத்துக் காட்டு வாழைப்பழம் இங்கே வரும். இங்கிருந்து கரடியின் தேன் அங்கே போகும். ஒருநாள், சொந்தத் தோப்பு வைத்திருந்த யானை புலிராஜாவிடம் போனது.

"மகாராஜா, என் பழத்தை யாரும் சீண்டறதில்லை. வெளிக்காட்டுப் பழத்துக்கு வரி போடுங்க."

புலிக்கு அது நியாயமாகப் பட்டது. செய்தி கேட்டு முள்ளம்பன்றி சபைக்கு ஓடி வந்தது.

"வேண்டாம் மகாராஜா! 1930ல அமெரிக்கா இறக்குமதி வரியை ஏத்துச்சு. மத்த நாடுகளும் பதிலுக்கு ஏத்துனாங்க. வியாபாரமே படுத்துடுச்சு. பக்கத்துக் காட்டுக்காரங்களும் நம்ம தேனுக்கு வரி போடுவாங்க."

"அமெரிக்கக் காட்டுல புலி உண்டா?" என்றது புலி.

"இல்லை, மகாராஜா."

"அப்புறம் அந்தக் கதை நமக்கு எதுக்கு?"

சபை சிரித்தது. வரி வந்தது. பக்கத்துக் காடும் தேனுக்கு வரி போட்டது. தேன் விற்காமல் எறும்பு மொய்த்தது. யானை தன் பழத்தின் விலையை ஏற்றியது. குரங்குகள் இலையைத் தின்றன. கரடிக்குட்டி பசியில் அழுதது.

முள்ளம்பன்றிக்கு வருத்தம்தான். ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் குளுகுளுவென்று இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றது மனைவியிடம்.

"மெதுவாப் பேசுங்க. எல்லாரும் பசியில இருக்காங்க."

கேட்கவில்லை. வெளியே போய்க் குரங்குகளிடமும் சொன்னது. குரங்குகள் அதைச் சபைக்கு இழுத்து வந்தன.

புலி விசாரித்தது. "இப்படி நடக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும், மகாராஜா."

"எங்க யாருக்கும் தெரியலை. உனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. அப்ப இது உன் வேலைதான்."

யானைதான் முதலில் கைதட்டியது. முள்ளம்பன்றி நாடு கடத்தப்பட்டது. மனைவியும் கூடவே கிளம்பியது.

பக்கத்துக் காட்டு எல்லையில் ஒரு கீரி காவலுக்கு நின்றது. அதுவும் வாழைப்பழம் விற்காமல் வயிறு ஒட்டிப்போயிருந்தது.

"படிச்சவர் மாதிரி தெரியறீங்க," என்றது கீரி. "எங்க ராஜா அடுத்து உப்புக்கும் வரி போடப்போறாராம். இதெல்லாம் எங்கே போய் முடியும்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

முள்ளம்பன்றியின் முட்கள் ஆசையில் விறைத்தன. மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் தெரியாதுங்க," என்றது பேராசிரியர்.

"நல்லவேளை, உள்ள போங்க," என்றது கீரி.

நீதி: நடக்கப்போவது தெரிந்தால் வாயைத் திறக்காதே. நடந்து முடிந்ததும், "யாருமே எதிர்பார்க்கலையே!" என்று முதல் ஆளாக வியந்துவிடு.