பெருவிரல் பட்ட ஆறு கத்திகள்

தொட்டுப் பார்க்கிறவர் என்றோர் இனம் உண்டு. கண் இருக்கும், அதை நம்பமாட்டார். ஜவுளிக்கடையில் வாங்கப்போகாத வேட்டியைக் கசக்குவார், ‘பெயிண்ட் ஈரம்’ என்ற பலகையை முழுதாகப் படித்துவிட்டு அது நிஜமா என்று ஒற்றை விரலால் விசாரிப்பார், பஸ்ஸில் பக்கத்துக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி அழவைத்துவிட்டு “சிரிக்கவே மாட்டேங்குதே” என்று தாயிடம் குறை சொல்வார்.

எனக்கு அறிமுகமானவர் அழகிரிசாமி அண்ணாச்சி. 2003-ல், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாக இடைசெவலிலிருந்து கிளம்பி, கோவில்பட்டியில் கத்திகளுக்குத் தங்க நிறக் கடினப்பூச்சு ஏற்றும் சிறு பட்டறையில் சேர்ந்தேன். அவர் சூப்பர்வைசர். என் இயற்பியல் பட்டத்தைப் படிக்கவில்லை. தாளைத் தடவி, “ஒரிஜினல்தான்” என்றார்.

வேலை இதுதான்: காற்றை உறிஞ்சியெடுத்த பெட்டிக்குள் ஆர்கான் அயனிகள் டைட்டானியத் தகட்டில் மோதும், தெறிக்கும் அணுக்கள் நைட்ரஜனோடு சேர்ந்து எஃகின்மேல் படியும். தலைமுடியில் முப்பதில் ஒரு பங்கு கனம், எஃகைவிடப் பல மடங்கு கடினம். ஒரே நிபந்தனை, கழுவிய எஃகை வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு நிற்காது.

தொடக்கூடாதா? இவரிடமா?

தீக்குச்சி மரம் சீவும் ஆலைக்காரர் எபநேசர் ஆறு கத்திகள் கொடுத்திருந்தார். தேறினால் வருஷம் முழுக்க ஆர்டர். உரிந்தால் பட்டதாரி ஊருக்கு பஸ் ஏறவேண்டியது என்றார் முதலாளி. கையுறை மாட்டிக் கழுவி, உலர்த்தி, அடுக்கினேன்.

“அண்ணாச்சி, தொடாதிய.”

“தொடலலே. சுத்தமா இருக்கான்னு பாக்கேன்.”

“கண்ணால பாருங்க.”

“அழுக்கு கண்ணுக்குத் தெரியுமாலே?”

காற்றை உறிஞ்சும் பம்ப்பைப் போட ஒரு நிமிஷம் திரும்பினேன். ஒரு நிமிஷம்தான்.

பத்தாம் நாள் எபநேசர் ஆறையும் மேஜைமேல் வைத்தார். எல்லாம் தங்கம், ஒவ்வொன்றின் ஓரத்திலும் நீள்வட்டமாக உரிந்திருந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். “படிச்சவன் கழுவுன லச்சணம்.”

நான் வாய் திறக்குமுன் அண்ணாச்சி குனிந்தார். “எங்கன உரிஞ்சிருக்கு? இங்கனயா?” என்று பெருவிரலை வைத்தார்.

அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. விரலின் குறுக்கே ஓடிய பழைய வெட்டுத்தழும்புகூட, எண்ணெய் படாத மெல்லிய தங்கக்கோடாக அங்கே நின்றிருந்தது.

முதலாளியின் பார்வை என்னைவிட்டு அந்த விரலுக்குப் போனது. அண்ணாச்சி மற்ற ஐந்திலும் வைத்துப் பார்த்தார்.

சிரிக்கிறீர்கள். இந்தப் புத்தகத்தை வாங்குமுன் கடையில் தாளைத் தடவிப் பார்த்தவர் யார்?

பூச்சுப் பெட்டியின் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. அண்ணாச்சி பார்சல் பிரிவில் இருக்கிறார். அங்கே எதையும் தொடலாம். அவர் பக்கத்தில் உங்களுக்கென்று ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.