கோவிந்தன் மாமா அடித்துக் கொடுத்த குணம்

"மூன்றே வார்த்தையில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும் எனக்கு இன்றும் சுள்ளென்று கோபம் வரும். பேசத் தெரியாததால் அல்ல. ரப்பர் தோட்டத்தில் பிறந்த பெண்ணுக்குத் தன்னைப் பற்றிச் சொல்லும் வேலையே வந்ததில்லை. இன்னாருடைய மகள் என்று அப்பா சொல்வார், தங்கமான பிள்ளை என்று அம்மா சொல்வார், நேற்று யாரோடு சைக்கிளில் போனாள் என்று பக்கத்து வீடு சொல்லும். இத்தனை பேர் சும்மா சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவில் மலாக்கா மாநிலத்து டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு இருபது வயது. தஞ்சோங் கிளிங் கடற்கரையில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். அதே மாதம், மஸ்ஜித் தானாவில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம் என்னைப் பெண் கேட்டது. லோரி ஓட்டும் என் அப்பா நியாயஸ்தர்.

"வேல கெடச்சா வேலைக்குப் போ. கெடைக்கலன்னா ஞாயித்துக்கெழம அவங்க வந்து பாக்கட்டும்" என்றார்.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆளைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஆயுள் முழுக்க வெங்காயம் நிறுக்க நான் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் வரை படிக்கவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும், அவ்வளவுதான்.

வேலைக்கு பயோடேட்டா வேண்டும். தோட்டத்தில் டைப்ரைட்டர் இருந்தது ஒரே ஒருவரிடம்: கோயில் செயலாளர் கோவிந்தன் மாமா. கல்யாண வயதில் இருந்த அத்தனை பெண்களின் பயோடேட்டாவையும் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

"கவலப்படாத பாப்பா. எத்தன பேருக்கு அடிச்சிருக்கேன், ஒன்னாச்சும் வீணா போயிருக்கா? நம்ம கை ராசி அப்படி லா" என்றார்.

நேர்முகத் தேர்வு நாள் காலையில்தான் தாள் வந்தது, உறையில் போட்டு ஒட்டியபடி. அம்மா அதை மாரியம்மன் காலடியில் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, "சாமி பாதத்துல வச்சது, வழியில பிரிக்காத" என்று கொடுத்தார். (ஏன் பிரித்துப் பார்க்கவில்லை என்று கேட்பவர்களுக்கு என் அம்மாவைத் தெரியாது.) பதற்றத்தில் பசியாறாமலே கிளம்பி, இரண்டு பஸ் மாறி, ஒன்பது மணிக்கு ஹோட்டலில் இருந்தேன். உள்ளே கூப்பிட்டது பன்னிரண்டு மணிக்கு.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் மேனேஜர் மிஸ்டர் லிம். மற்றவர் ஆள் எடுக்கும் பிரிவின் அதிகாரி பரமசிவம், நம்மவர். நல்ல காலம், நம் ஆள் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இடி விழ!

லிம் உறையைப் பிரித்தார். விரலில் ஒட்டிய மஞ்சளைத் துடைத்துக்கொண்டார். படிக்கப் படிக்கப் புருவம் ஏறியது. பிறகு தாளை என் பக்கம் திருப்பினார்.

மேலே 'திருமணத்திற்காக' என்ற இடத்தில் வரிசையாகப் பெருக்கல் குறி அடித்து, பக்கத்தில் 'வேலைக்காக' என்று சேர்த்திருந்தார் மாமா. அவர் மாற்றியது அது ஒன்றைத்தான். நிறம்: கோதுமை. நட்சத்திரம்: மகம். செவ்வாய் தோஷம்: இல்லை. குணம்: அடக்கம், பொறுமை, குடும்பப் பாங்கு.

"இந்தத் தோஷம் என்பது என்ன வியாதி?" என்று லிம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"வியாதி இல்லை சார், கிரகம்."

பரமசிவம் இருமுவது போலக் குனிந்தார். லிம் விடவில்லை. கடைசி வரியில் விரலை வைத்தார். எதிர்பார்ப்பு: சொந்த வீடு உள்ளவர், குடிப்பழக்கம் இல்லாதவர்.

"மிஸ், எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை ஒரு பீர் குடிப்பேன். பரவாயில்லையா?"

பரமசிவம் மேசைக்கு அடியில் போய்விட்டார். பேனா விழுந்துவிட்டதாம்.

லிம் நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, "மூன்று வார்த்தையில் நீங்களே சொல்லுங்கள்" என்றார். மேலே வந்த பரமசிவம் தமிழில் முணுமுணுத்தார்:

"அதுலயே இருக்கேம்மா, அடக்கம், பொறுமைன்னு. அதையே சொல்லிரு. வேல ஒனக்குத்தான்."

சத்தியமாக நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அது எங்கள் தோட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் மாமா அடித்த குணம். புருஷனைத் துடைப்பத்தோடு துரத்திய சரசு அக்காவுக்கும் அதே அடக்கம், அதே பொறுமைதான். என்னைப் பற்றி நானாகச் சொல்ல வாழ்க்கையில் முதன்முறை ஒருத்தர் கேட்கிறார், அப்போதும் மாமா அடித்ததையே ஒப்பிக்கவா? முடியாது!

"சத்தம். பிடிவாதம். பசி" என்றேன்.

"பசியா?"

"ஆமாம் சார். ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுகிறீர்கள். வெளியே பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. உங்கள் விருந்தாளிகளையும் இப்படித்தான் வைப்பீர்களா?"

வெளியே யாரோ கை தட்டினார்கள். அப்போதுதான் என் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று எனக்கே தெரிந்தது.

பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் தேநீரும் உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப்பும் வந்தன. வேலை வரவில்லை. "ஒன்ன முன்னால உக்கார வச்சா, வர்றவன் பெட்டியத் தூக்கிட்டு ஓடிருவான்மா" என்று பரமசிவம் வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினார். நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இரண்டு கறிபாப் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். எனக்கு என்ன வெட்கம்?

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா தாளை வாங்கி மெதுவாகப் படித்தார்.

"இதே தாளத்தான் மஸ்ஜித் தானாவுக்கும் குடுத்தோமா?"

"ஆமா, அதுக்கென்ன?" என்றார் அம்மா.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நேராக மஸ்ஜித் தானாவுக்குப் போனார். அங்கே அவர் சொன்னது இவ்வளவுதான்: "தாள்ல இருக்கறது செயலாளர் அடிச்சது. எம்பொண்ணு சத்தம் போடுவா, பிடிவாதக்காரி, நல்லா சாப்புடுவா. ஒத்து வந்தா ஞாயித்துக்கெழம வாங்க." யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். எனக்குத் தெரிந்து இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று மாதத்தில் மலாக்கா பட்டணத்தில், ஒரு பஸ் கம்பெனியில் பயணிகளின் புகாரைக் கேட்கும் முகப்பில் வேலை கிடைத்தது. அங்கே என் குரலுக்கு நல்ல மரியாதை. நான்கு வருடம் கழித்து இன்னொருவர் பெண் பார்க்க வந்தார். அப்பா அவரிடமும் அந்த மூன்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். வந்தவர் யோசிக்கவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"என்னா சாப்பாடு புடிக்கும்?"

"சமைக்கறது நீங்கன்னா எதுன்னாலும் சரி" என்றேன்.

அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்புக்கு வெங்காயம் அரிந்துகொண்டே, வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் இந்தக் கதையைச் சொல்வது அன்று பெண் பார்க்க வந்தவர்தான்.