கப்பலடியில் எட்டுப் போலீஸ்

ஆவணி பன்னிரண்டாம் தேதி, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். தூறல், மேற்கிலிருந்து மலைக் கணவாய் வழியே காற்று. அந்த நிமிடம் வரை நான் நிர்வாகத் திறமை உள்ளவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். (அப்போது வயது அறுபத்தெட்டு. அறிவு வர அதுவும் போதவில்லை.)

மலையாள எல்லையோரம் எங்கள் மீனாட்சிபுரத்தில் ஓண ஊர்வலம். எங்கள் வாசகசாலை சார்பில் டிராக்டர் மேல் வெள்ளைக்காரர் காலத்துத் துறைமுகம்: பதினாறடி தெர்மாக்கோல் கப்பல், அதன் கீழே போலீஸ் வேஷத்தில் ஊர்க்காரர் எட்டுப் பேர். பரிசு வாங்கினால் ஒழுகும் கூரைக்கு ஓடு; வாங்காவிட்டால் செயலாளர் பதவியை விடுகிறேன் என்று பதினேழு பேர் முன்னால் சொல்லியிருந்தேன்.

அந்தக் காலத்தில் துறைமுகப் போலீசுக்கு ஆள் எடுப்பதைவிட எடுத்த ஆளை நிறுத்துவதுதான் பெரும்பாடாம். மூட்டை தூக்கினால் கூலி அதிகம் என்று தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார்களாம். "அதிகாரிகளுக்குச் சாமர்த்தியம் போதவில்லை" என்று ஒலிபெருக்கியில் நானே சிரித்தேன். என் எட்டுப் பேருக்கும் டேப் வைத்து மார்பளவு எடுத்திருந்தேன். பொத்தான்கள் நாற்பதையும் எண்ணியிருந்தேன்.

வயல்களுக்கு நடுவே கப்பல் மெல்ல ஆடிப் போனது. பச்சை நெல் அலையடித்தது. பாய் புடைத்தது. தென்னைகளெல்லாம் பாய்மரங்களாகத் தெரிந்தன. உப்புக்காற்று அடிப்பதாகவே எனக்குத் தோன்றியது.

"சார், போய்ட்டு வந்தர்றனுங்க." போலீஸ் பழனிசாமி.

"எங்கய்யா?"

"மாடு கறக்கோணுமுங்க. நாலேகாலுக்குப் பால் சொசைட்டியில அளவு முடிஞ்சுருமுங்க."

திரும்பினால் எட்டுத் தொப்பியும் கையில். ஊரே பால் ஊற்றும் ஊர் என்பதை மட்டும் எண்ணாமல் விட்டிருக்கிறேன்! நடுவர்கள் வருவதோ நாலரைக்கு.

"இன்னைக்குப் பால் காசு நான் தர்றேன், நில்லுங்க!"

எட்டுப் பேரும் ஒருசேர சல்யூட் அடித்தார்கள். (ஒத்திகையில் ஒருநாளும் அடித்ததில்லை.)

நாலு இருபத்தைந்துக்கு எட்டு மாடுகளும் எட்டு மனைவிமாரும் வந்து சேர்ந்தார்கள்.

"ஏனுங்க, கப்பலேறிப் போயிட்டீங்களா?" என்றாள் பழனிசாமி மனைவி. "நான் கைய வெச்சா இது உதைக்குது. மடி கனத்துக் கத்துதுங்க. காசு வாங்கினது நீங்க, மாடு வாங்குச்சா?"

போலீசார் இறங்கிக் கப்பலடியில் குந்தினார்கள். தூறலில் எட்டு வாளிகளிலும் பால் விழுந்த ஓசை, கரையில் தண்ணீர் மோதுவதுபோல் இருந்தது. அவமானத்திலும் ஒரு கணம் கண் மூடிக் கேட்டேன். திறந்தபோது எதிரே மலையாள நடுவர்.

"மாஷே, இது துறமுகமோ, பால் சொசைட்டியோ?"

பரிசு பக்கத்துத் தெருவின் மாவேலி ராஜா வேஷத்துக்குப் போனது. கூரை இன்னும் ஒழுகுகிறது; நான் செயலாளர் இல்லை. வீட்டுக்கு வந்த உறவினர் யாராவது கிளம்பினால் போதும், "இருங்க, இவரு பால் காசு குடுப்பாரு" என்கிறாள் என் மனைவி.

சொசைட்டி மூடிவிட்டதால் பாலும் என் தலையில். ஐம்பத்திரண்டு லிட்டர் முன்னூறு மில்லி, லிட்டர் நாற்பது வீதம்: ரூபாய் இரண்டாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு.