இரண்டாவது சரணம் தெரியாத அம்மன் பாட்டு

சினிமாவில் வரும் காதல் பாட்டைத் தப்பாகப் பாடினால் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள், அதோடு முடிந்தது. சினிமாவில் வரும் அம்மன் பாட்டைத் தப்பாகப் பாடினால் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்றுகூடத் தெரியாது. இதை நான் தெரிந்துகொண்டது மேடையில், கையில் மைக்கோடு, எதிரே ஒரு ஊரே நின்றிருந்தபோது.

நான் திண்டுக்கல்லில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவள். ஆனாலும் அம்மன் பாட்டெல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கள் தெருமுனையில் மாரியம்மன் கோயில்; ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேராக ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிடுவார்கள். உடுக்கைச் சத்தம் கேட்காமல் எனக்குக் கணக்குப் பாடமே ஏறியதில்லை. (கேட்டும் ஏறவில்லை என்பது வேறு கதை.) ஒரே ஒரு குறை. எந்தப் பாட்டிலும் எனக்கு இரண்டாவது சரணம் தெரியாது. சரியாக அந்த இடத்தில்தான் யாராவது பாட்டை நிறுத்திவிட்டு, "பக்த கோடிகளே, கூழ் ஊத்துறாக, பாத்திரத்தோட வாங்க" என்பார்கள்.

செந்தில் பகலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் பழுது பார்ப்பவர். சாயங்காலம் காதர் அண்ணனின் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். என் செல்போன் அடிக்கடி பழுதானது. (அது எப்படி அடிக்கடி பழுதானது என்று கேட்காதீர்கள்.) கல்யாணம் செய்துகொள்வது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம். இரண்டு வீட்டுக்கும் சொல்வதுதான் பாக்கி. எங்கள் வீட்டைச் சமாளித்துவிடலாம். குஜிலியம்பாறைப் பக்கம் தனியாளாக மானாவாரிக் காட்டில் பாடுபட்டு மகனை வளர்த்த அவருடைய அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

செந்திலின் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காதர் அண்ணனின் கச்சேரி. குழுவில் பாடும் பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. செந்திலுக்கு உடனே ஒரு யோசனை.

"நீயே வந்து பாடு ஸ்டெல்லா. அம்மாவுக்கு மொதல்ல ஒன் குரல் புடிக்கட்டும். பேர அப்பறமா சொல்லிக்கிருவோம்."

வீட்டில் பாட்டுப் பயிற்சி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொழுது சாயும் நேரம், பொங்கல் பானைகள் பொங்கிக்கொண்டிருந்தன. காதர் அண்ணன் மைக்கைப் பிடித்து, "அடுத்து, அருமைத் தங்கச்சி செல்லா!" என்றார். ஓர் எழுத்தை விழுங்கி என்னை ஒரே நொடியில் அந்த ஊர்ப்பெண் ஆக்கிவிட்டார்.

பல்லவி பிரமாதம். முதல் சரணம் அதைவிடப் பிரமாதம். எனக்கே புல்லரித்தது. இரண்டாவது சரணத்தைச் செல்போனில் திறந்து வைத்திருந்தேன். "அம்மா, வா!" என்று நான் உச்சத்தில் இழுத்த நேரம், போன் அதிர்ந்தது. திரை முழுக்க எங்கள் அம்மாவின் படம். அழைப்பை வெட்டிய பதற்றத்தில் பாட்டு வரிகளும் காணாமல் போயின.

சரி, பல்லவியைப் பாடி முடித்துவிடலாம் என்று நினைத்தபோதுதான் முன்வரிசையில் ஓர் அம்மா தலைமுடி அவிழ எழுந்து ஆடத் தொடங்கினார். குலவை வானைப் பிளந்தது. கீபோர்டுப் பக்கமிருந்து செந்தில் ஈனக்குரலில் சொன்னார், "அதுதேன் எங்கம்மா."

ஊரில் அம்மன் இறங்குவதே தன் தாயின் மேல்தான் என்பதைச் சொல்ல இந்த மனிதருக்கு எத்தனை நாள் இருந்தது!

"பாட்ட நிறுத்திறாதம்மா!" என்று காதர் அண்ணன் டிரம்ஸில் தாளத்தைக் கூட்டினார். "சாமி மலையேறுற வரைக்கும் பாடிக்கிட்டே இருக்கணும்!"

முதல் சரணத்தையே திரும்பத் திரும்பப் பாடினேன். முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் வாய்க்கு வந்ததைப் பாடினேன். "வத்தலக்குண்டு வந்தவளே, கொடைரோட்டில் நின்றவளே" என்று அம்மனை ஊர் ஊராக அலையவிட்டேன். தெரிந்த ஊர்களெல்லாம் தீர்ந்தன. தாளமோ நிற்கவில்லை. அடுத்த அடி தானாக வந்து விழுந்தது, சின்ன வயதிலிருந்து மாதா கோயிலில் சொல்லிப் பழகிய வாயிலிருந்து:

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

செந்திலின் விரல் கீபோர்டில் வழுக்கியது. ஆனால் கூட்டம் குலவை போட்டது. ஆடிய அம்மா சட்டென்று நின்றார். நேராக மேடைக்கு வந்தார். சிவந்த கண்களால் என்னைப் பார்த்தார்.

"எவடி நீ? ஒனக்கு என்ன வேணும்? கேளு!"

நான் செந்திலைத் திரும்பிப் பார்த்தேன். கீழேயிருந்து பெண்கள் கத்தினார்கள், "ஆத்தா கேக்குதுல்ல? வாயத் தொறந்து கேளு தாயி!"

நல்ல படிப்பு, உலக அமைதி, மழை என்று எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். மழை கேட்டிருந்தால் அந்த ஊரே என்னைத் தூக்கிக் கொண்டாடியிருக்கும். நான் மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்து சொன்னேன்:

"உங்க பையன் வேணும், ஆன்ட்டி."

அத்தனை ஒலிபெருக்கியிலும் அது கணீரென்று கேட்டது. காதர் அண்ணனின் குச்சி கீழே விழுந்தது. அம்மனை ஆன்ட்டி என்று கூப்பிட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். கை நிறையத் திருநீற்றை அள்ளி என் நெற்றியில் அப்பினார். "குடுத்தேன், போ!" என்றார். அப்படியே மயங்கிச் சாய்ந்தார்.

தண்ணீர் தெளித்ததும் கண் விழித்தார். "என்னடி நடந்துச்சு?" என்றார்.

பக்கத்து வீட்டு அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார், "ஒம் மகனக் குடுத்துட்ட மதினி."

"ஆருக்கு?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். முகமெல்லாம் திருநீறு, அதில் கண்ணீர்க் கோடு. பார்க்கச் சகிக்காத கோலத்தில் நின்றிருந்தேன்.

"பேரு என்ன?"

"ஸ்டெல்லா."

அவர் என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். செந்தில் கீபோர்டுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்தார். கடைசியாக அந்த அம்மா கோயிலைப் பார்த்தார். எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமக் குடுத்துருச்சே," என்று அம்மனிடம்தான் குறைபட்டுக்கொண்டார். பிறகு முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். "கண்ணுல விழுந்துறப் போகுது. சாப்டியா?"

நான் வீடு போய்ச் சேருவதற்குள் யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா அழுதார். அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கடைசியில், "சுதி சரியாத்தேன் இருக்கு. ரெண்டாவது சரணம் தெரியாம ஒருத்தி மேடை ஏறுவாளா?" என்றார். அந்தச் சரணத்தை வரி பிசகாமல் பாடியும் காட்டினார். வீட்டுச் சம்மதம் இவ்வளவுதான்.

கல்யாணமாகிச் சில வருடம் கழித்து ஒருநாள், வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே அத்தை கேட்டார், "அன்னைக்குக் கடேசியா 'வேண்டிக்கொள்ளும்'னு பாடுனியே, அது நல்லாருந்துச்சு. எந்தப் படத்துல வருது?"

"அத்தை! சாமி வந்தப்ப நடந்தது எதுவும் நினைவில்லைனு சொன்னீங்களே?"

அவர் கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

இன்றைக்கும் செந்தில் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடும்போதும், கறி வாங்கப் போய்க் கதை பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பும்போதும் நான் அத்தையிடம்தான் முறையிடப் போவேன். "உங்க மகனைக் கொஞ்சம் என்னான்னு கேளுங்க அத்தை!" அவர் சாவகாசமாகத் திரும்பிப் பார்ப்பார்.

"நானா குடுத்தேன்? குடுத்தவகிட்டப் போயிக் கேளு. போறப்ப ஆன்ட்டின்னு கூப்புடு, அப்பத்தேன் அதுக்கு ஒன்னய அடையாளம் தெரியும்."