தலைமாட்டில் நாலு செங்கல்

நான் பிறந்து வளர்ந்த வீட்டில் என் அப்பா எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பார் என்பது எனக்கு ஐம்பது வயதுவரை தெரியாது. (மனித மனம் எந்தப் பக்கம் சாயும் என்பது பற்றி மட்டும் ஓர் அலமாரி நிறையப் படித்திருந்தேன்.)

அப்பாவுக்கு எதுக்களிப்பு. படுத்தால் போதும், புளித்த தண்ணீர் தொண்டைவரை ஏறி நெஞ்சு எரியும். பாகூர் ஏரித் தண்ணீரை வாழ்நாளெல்லாம் தன் கரும்புக்கு மடைதிருப்பியவர், சொந்த வயிற்றுத் தண்ணீரிடம் தோற்று, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். "ஒரு தபா நீட்டிப் படுத்து எழுந்தா போதும்டா" என்பார். வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும், ராச்சோறு பொழுதோடு சாப்பிட வேண்டும், கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும் என்றார் டாக்டர். முதல் இரண்டும் அம்மாவின் இலாகா. மூன்றாவதில் அறிவியல் இருந்ததால் நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியிலிருந்து ஊருக்குப் போனபோது இருவரும் மணப்பட்டில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். மெத்தை வெயிலில் காய்ந்தது. வெறும் கட்டில், ஒரு முனையில் இரண்டு கிளிகள் செதுக்கிய பலகையோடு நின்றது. கிளி இருக்கும் பக்கம்தானே தலை? அந்தப் பக்கத்துக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்து, மெத்தையை விரித்துவிட்டு, போனில் உத்தரவு போட்டேன்: "இனிமே கட்டில்லதான் படுக்கணும்."

மறுநாள் காலை போன் செய்தேன்.

"படுத்தியாப்பா?"

"படுத்தேன்டா." குரல் கரகரத்தது. "ஒரு கனா. ஏரில மல்லாக்க மிதக்கிறேன். காலு ரெண்டும் மேகத்துல கெடக்குது."

அப்பா கனவு சொல்லி நான் கேட்டதே இல்லை. இரண்டு நாள் கழித்து இன்னொன்று.

"நட்ட வயலு மேல இருக்குது, வானம் கீழ. கொக்கெல்லாம் தலைகீழா நடக்குதுடா. எனக்கு எடையே இல்ல, பஞ்சாட்டம் போறேன்."

"எரிச்சல்?"

"அது கெடக்குது வுடு."

நானும் விட்டுவிட்டேன். அன்று மதியம் அலுவலக நாற்காலியில் கண்ணை மூடினால், தலைக்குமேல் பச்சை நாற்று அசைந்தது. ஒரு கொக்கு என் கோப்புகளின்மேல் நிதானமாகத் தலைகீழாக நடந்துபோனது. அப்பாவின் ஆழ்மனம் திறந்துகொண்டது, திறந்தது என் செங்கல் என்று பூரித்துப்போனேன்.

அடுத்த ஞாயிறு மதியம், அப்பா உள்ளறையில் படுத்திருக்க, பக்கத்து நிலத்து ஏழுமலை மாமாவுக்குக் கூடத்தில் கனவுப்பலன் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மாமா, ஏரின்னா தாய். கால் ஆகாயத்துக்குப் போறது விடுதலை. எழுபது வருஷமா மண்ணுல கட்டிப்போட்ட மனசு..."

"இன்னாமோ சொல்ற. கேக்க நல்லாத்தான்பா இருக்குது" என்றார் மாமா, பாதித் தூக்கத்தில்.

உள்ளே அப்பா புரையேறி இருமினார். ஓடினோம்.

தெற்கு ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் காட்சி இன்றும் மிதக்கிறது. அப்பாவின் பாதங்கள் மேட்டில், இரண்டு கிளிகளுக்கு நடுவே. தலை பள்ளத்தில், ஜன்னல் ஓரம். தலையணை நழுவித் தரைக்கே போய்விட்டிருந்தது. முகம் பழுத்த மிளகாய்.

"இன்னாப்பா, தலையை இந்தாண்ட வெச்சிக்கினு!"

பின்னாலேயே வந்த அம்மா என்னை முறைத்தாள். "பின்ன, வடக்கால வெப்பாங்களாடா? கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து அவரு தலை தெக்கதான்."

"அப்ப கிளி?"

"அது தெக்க இருந்தா ஜன்னலை மறைக்குது. வடக்க கெடந்தா துண்டு போட ஆவுது."

(எங்கள் பக்கத்தில் பூனைகூட வடக்கே தலைவைக்காது. நான் ஒருவன்தான் பகுத்தறிவோடு செங்கல் வைத்தவன்.)

"ஒரு வாரமா ஏம்பா சொல்லல?"

அப்பா தண்ணீர் குடித்து மூச்சு வாங்கினார். "வயல்ல உப்புத்தண்ணி நின்னா வடிய வுடமாட்டோம்? வயித்துல இருக்கிறதை வாய்வழியா வடிய வுடறேன்னு நெனச்சேன். அதுக்கும் மேல, நீயே வந்து கைவலிக்கத் தூக்கி வெச்சிட்டுப் போயிருக்கற. உன்னை இன்னான்னு கேக்கறது?"

மாமா கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, குனிந்து செங்கற்களை எடுத்தேன். அவர் மறுமுனையைத் தூக்க, ஜன்னல் பக்கத்துக் கால்களுக்கு அடியில் வைத்தேன்.

மாத்திரையும் பொழுதோடு சோறும் தொடர்கின்றன. எரிச்சல் எப்போதாவதுதான் எட்டிப்பார்க்கிறது. அப்பா நீட்டிப் படுக்கிறார். இப்போதும் கல்யாண வீட்டில் நான் நாலு பேருக்கு எதையாவது விளக்க வாயைத் திறந்தால், அம்மா பந்தியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "மொதல்ல கிளி எந்தப் பக்கம்னு பாத்துக்கடா!"

போன மாதம் போயிருந்தபோது அப்பாவிடம் கனவைப் பற்றிக் கேட்டேன்.

"ஒண்ணும் வர்லடா. வெறுமனே தூங்கறேன்." ஜன்னல் வழியே நாற்றைப் பார்த்தார். "அந்தக் கொக்குங்க நல்லாத்தான் இருந்துச்சு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழுமலை மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அதுக்கு இன்னா? செங்கல்ல திருப்பி வைக்கச் சொல்லு. உம் புள்ள மறுபடியும் விடுதலை குடுப்பான்."