அக்கா வீட்டில் கூடிய செயற்குழு

சோம்பா,
ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து வந்து.

என் மரியாதைக்கும் அதைவிட அதிகமாகப் பயத்துக்கும் உரிய எஸ்தெரே அக்காவுக்கு, உன் கூடப்பிறந்த தம்பி லமெக் மண்டியிட்டு, கை தட்டி வணங்கி எழுதுவது.

இங்கே நான் சுகம். என் மனைவியும் சுகம், என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர. அங்கே நீயும் மச்சானும் பிள்ளைகளும் ஆடுகளும் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நேற்று நான் வண்டி ஏறும்போது முதுகுக்குப் பின்னால் நீ சொன்னதெல்லாம் தெளிவாகக் காதில் விழுந்ததால் உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன்.

நிற்க. காலையில் தேவாலய வாசலில் ஃபிரேசர் என்னைப் பிடித்துக்கொண்டான். புது டை கட்டியிருந்தான். "அண்ணே, எஸ்தெரே அக்கா சொல்லி அனுப்பிச்சாங்க. தியாமிகே கல்யாணத்துக்கு இனிமே நான்தான் அங்கோஸ்வே. நீங்க வந்தா வாங்க, சாப்பிட்டுப் போங்க" என்றான். சாப்பிட்டுப் போகவா! அக்கா, நம் அம்மாவுக்கு நான் ஒரே மகன். உன் மகளுக்கு நான் ஒரே தாய்மாமன். அங்கோஸ்வேயாக நின்று அவள் கல்யாணத்தைப் பேசி முடிப்பதும், நாளைக்கு அவளும் புருஷனும் முட்டிக்கொண்டால் நடுவில் உட்கார்ந்து தீர்த்துவைப்பதும் பிறந்ததிலிருந்து என் தலையில் எழுதியிருக்கிற வேலை. ஃபிரேசர் பெரியம்மா மகன். சொந்தப் பெண்டாட்டியோடு பேச வேண்டியதையே அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்புகிறவன். அவன் கையில் பிள்ளையை ஒப்படைக்கும் முன் என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

எங்கள் சங்கத்தை உனக்குத் தெரியும். தெரியாது என்று நீ சொல்வாய், ஆனால் மூன்று கிறிஸ்துமஸுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த வட்டாரத்து நாடுகளின் பல்கலைக்கழகங்களில் சமூகப்பணியும் சமூக மேம்பாடும் சொல்லிக்கொடுக்கிறவர்களின் சங்கம். நான் தலைவர். எங்கள் சங்கத்தில் ஓட்டு எடுக்கிற வழக்கம் கிடையாது. ஓட்டெடுத்தால் தோற்றவர் மனம் புண்படும் என்பதால், ஒருவர் மனம் கோணினாலும் எல்லோர் மனமும் நேராகிறவரை பேசுவோம். செயற்குழு மங்கோச்சி ஏரிக்கரையில் கூடியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிய வேண்டிய கூட்டம். முதல் நாள் முழுக்க வட்டமாக உட்காருவதா, அரைவட்டமாக உட்காருவதா என்பதிலேயே போய்விட்டது. அரைவட்டத்தில் ஓரத்தில் இருப்பவர் ஓரங்கட்டப்பட்டதாக உணர்வார் என்று ஜாம்பியாவின் ஹாச்சிசோ அம்மாள் சொன்னதை யாராலும் மறுக்க முடியவில்லை. ஆக வெள்ளி சனியாகிவிட்டது. சனிக்கிழமைதான் உன் வீட்டில் சின்கோஸ்வே, மாப்பிள்ளை வீட்டுச் சேவலும் நம் வீட்டுக் கோழியும் கைமாறுகிற நிச்சயம். என் கார் பட்டறையில். ஏரிக்கரையிலிருந்து உன் வீட்டுக்கு வர இருந்த ஒரே வழி, செயற்குழுவினரைச் சோம்பா விருந்தினர் விடுதிக்கு ஏற்றிக்கொண்டு போகிற சங்கத்து மினிபஸ். அதில் நான் ஏறினால் அவர்களும் இருப்பார்கள் அல்லவா? அவர்களை நான் கூட்டிக்கொண்டு வந்ததாக நீ ஊரெல்லாம் சொல்கிறாய். இல்லை அக்கா, அவர்கள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

நேராக வந்திருந்தால் பன்னிரண்டு மணிக்கே வந்திருப்பேன். லிவோண்டேயில் பாலம் தாண்டியதும் நீ சொன்னபடி நல்ல வெடைக்கோழியாகப் பார்த்து வாங்கி, காலைக் கட்டி, இருக்கைக்கு அடியில் வைத்தேன். அப்போதுதான் ஜிம்பாப்வே பேராசிரியர் முச்சேம்வா, எங்கள் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர், வெள்ளைத் தாடி வைத்தவர், "லமெக், அழைக்காத வீட்டுக்கு நாம போறது முறையா? இதப் பேசிட்டுப் போவோமே" என்றார். வண்டி நின்றது. மாமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தோம். நான் என் மருமகள், சேவல், கோழி என்று கெஞ்சினேன். "உங்க பதற்றத்த நாங்க மதிக்கிறோம் தலைவரே" என்று ஹாச்சிசோ அம்மாள் அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டார். கடைசியில், போவது, ஆனால் ஒன்றிலும் தலையிடாமல் ஓரமாக இருப்பது என்று ஒருமனதாக முடிவானது. அந்த முடிவை நம்பினேன் பார், அதுதான் என் தப்பு.

உன் வாசலுக்கு வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டையைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்து மாப்பிள்ளையின் மாமன் மக்வாங்வாலாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் முறைப்படி தொண்டையைச் செருமி, மடியில் இருந்த சேவலைத் தடவிக்கொண்டு, "எங்க சேவல் இந்தப் பக்கம் மேய வந்துச்சாம். இந்த வீட்டு வாசல்ல ஒரு வெடைக்கோழியப் பாத்துச்சாம். அதுலேருந்து தூங்க மாட்டேங்குது. அதான் கேட்டுட்டுப் போக வந்தோம்" என்றார். கூட்டம் சிரித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். நான் எழுந்து கோழியை எடுக்க மினிபஸ்ஸுக்குப் போனேன். இருக்கைக்கு அடியில் கட்டிய கயிறு மட்டும் கிடந்தது.

உகாண்டா டாக்டர் நகயெங்கா அப்போதுதான் உன் சமையல்கட்டிலிருந்து முழங்காலைத் துடைத்துக்கொண்டு வந்தார். "டாக்டர், இங்க இருந்த கோழி?" என்றேன். "குடுத்துட்டேன் தலைவரே! சங்கத்து சார்பா வாங்கினீங்களே, நீங்களே மறந்துட்டீங்களா? வெறுங்கையோட வந்தா நல்லாவா இருக்கும்? எங்க ஊர் முறைப்படி மண்டி போட்டு ரெண்டு கையாலயும் குடுத்தேன். அவங்க முகத்துல எவ்வளவு சந்தோஷம்!" என்றார். சந்தோஷம் இருக்காதா? படித்த வெளியூர்ப் பெண் மண்டியிட்டுக் கோழி கொடுத்தால், உன் நாத்தனார்கள் அவருக்கு மரியாதை செய்ய வேண்டாமா? செய்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது அந்த மரியாதை தக்காளியோடு கொதித்துக்கொண்டிருந்தது.

அக்கா, அந்த நிமிஷம் என் நிலைமையை நினைத்துப் பார். உயிருள்ள சேவலுக்கு உயிருள்ள கோழி கைமாறினால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம். குழம்பைக் கொண்டுவந்து மடியில் வைக்க முடியாது. மக்வாங்வாலா கோபக்காரர், கோழி இல்லையென்றால் பெண் தர விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். தியாமிகே உள்ளே பாயில் தலைகுனிந்து காத்திருக்கிறாள். நான் ஃபிரேசரைக் கூப்பிட்டு, "ஓடு, எவன் வீட்டுல கோழி இருந்தாலும் தூக்கிட்டு வா, நான் கொஞ்ச நேரம் சமாளிக்கிறேன்" என்று அனுப்பினேன். அடுத்த தெருவில் கோழிக்கா பஞ்சம்? அவன் வெயில் தாழ்ந்துதான் வந்தான். வழியில் இரண்டு இடத்தில் ந்சிமாக் களி சாப்பிட்டிருக்கிறான், டையில் குழம்பு இருந்ததை நானே பார்த்தேன். ஆகவே நடந்த எல்லாவற்றுக்கும் மூலகாரணம் யார் என்று நீயே முடிவு செய்.

சமாளிக்க என்ன செய்வது என்று சுற்றிப் பார்த்தேன். முச்சேம்வா ஓரமாக, சொன்னபடியே தலையிடாமல், பாவம்போல உட்கார்ந்திருந்தார். "பேராசிரியரே, ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசுங்க" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அவர் எழுந்தார், தாடியை நீவினார், இரண்டு வீட்டாரையும் பார்த்தார். "நீங்க எதிரெதிரா உக்காந்திருக்கறதே எனக்குச் சரியாப் படல. கொஞ்சம் வட்டமா உக்காரலாமா?" என்றார். பேராசிரியர் சொல்கிறாரே என்று எல்லோரும் எழுந்து நாற்காலியைத் தூக்கினார்கள். அந்த நேரத்தில் ஹாச்சிசோ அம்மாள் மினிபஸ்ஸிலிருந்து பெரிய தாள்களையும் பசைநாடாவையும் கொண்டுவந்து உன் முன்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். அது போன வாரம் சுண்ணாம்பு அடித்த சுவர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தாளைப் பிரித்தபோது சுண்ணாம்பும் கூடவே வந்துவிட்டது. அதை நான் அடித்துத் தருகிறேன்.

"இந்தச் சந்திப்புலேருந்து ஒவ்வொருத்தரும் என்ன எதிர்பாக்கிறீங்க?" என்றார் முச்சேம்வா. மக்வாங்வாலா சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஐயா, நாங்க எதிர்பாக்கிறது ஒரே ஒரு கோழி. அத எடுத்து விட்டீங்கன்னா சாப்பிட்டுட்டுப் போயிருவோம்" என்றார். "அருமை. இது ஒருத்தரோட கருத்து. மத்தவங்க?" என்று அதைத் தாளில் எழுதினார். அப்புறம் குழு பிரித்தார்கள். மாமன்மார் ஒரு குழு, வாலிபர்கள் ஒரு குழு, சமையல்கட்டுப் பெண்கள் ஒரு குழு, பெண்ணும் மாப்பிள்ளையும் ஹாச்சிசோ அம்மாளோடு தனியாக. அடுப்பை விட்டு எல்லோரும் வந்துவிட்டதால் சாதம் அடிப்பிடித்தது, அதையும் என் கணக்கில் எழுதியிருக்கிறாய்.

பெண்கள் குழுவின் அறிக்கையைப் பற்றி நீ கோபமாக இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் உன் சின்ன நாத்தனார் அவ்வளவு நன்றாகப் பேசுவாள் என்று யார் கண்டது? "தண்ணிக் கஷ்டம் இருக்கு, ரோடு சரியில்ல, அதெல்லாம் பொறுத்துக்கலாம். இந்த வீட்டுல பெரிய பிரச்சினை எஸ்தெரே அதிகாரந்தான். உப்புப் போடக்கூட உத்தரவு கேக்க வேண்டியிருக்கு" என்றாள். எங்கள் சங்கத்துக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. பழக்கத்தில் ஒன்றிரண்டு தட்டியிருக்கலாம், அதற்குமேல் இல்லை.

ஆனால் அக்கா, அடுத்து நடந்ததை மட்டும் நீ கோபத்தில் மறந்துவிடாதே. பெரியவர்கள் முன்னால் தலைநிமிராத உன் மகள் எழுந்து நின்றாள். "நான் நர்ஸ் படிப்ப முடிச்சிட்டுதான் கல்யாணம். கல்யாணத்துக்கு அப்புறம் சோம்பாவுலதான் இருப்பேன், அவங்கம்மா வீட்டுல இல்ல. ஞாயித்துக்கிழமை அவர் சமைக்கணும்" என்றாள். சத்தமாகச் சொன்னாள். முறைப்படி நடந்திருந்தால் நான் அவளை அழைத்து, "இவங்களத் தெரியுமாம்மா?" என்று கேட்டிருப்பேன், அவள் "தெரியும் மாமா" என்றிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். நீ கண்ணைத் துடைத்தாய். புகை என்றாய். அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"மயேசோ, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று ஹாச்சிசோ அம்மாள் மாப்பிள்ளையைக் கேட்டார். அவன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. "சம்மதம்" என்றான். "அவசரப்படாதீங்க. மறுபடி குழுவா உக்காந்து இன்னும் ஆழமா யோசிக்கலாம்" என்றார் முச்சேம்வா. "வேணாம் ஐயா! சம்மதம், எல்லாத்துக்கும் சம்மதம்" என்று அவன் இரண்டு கையையும் தூக்கினான். அவன் மாமனும் தூக்கினார், அதில் சேவல் நழுவிக் கூரைமேல் ஏறிவிட்டது. ஃபிரேசர் கோழியோடு வந்தபோது சேவல் இல்லை. சேவலைப் பிடித்தபோது இருட்டிவிட்டது. கடைசியில் கைமாறியதா இல்லையா? மாறியது. நிச்சயம் ஆனதா? ஆனது. சோறு ஆறியதற்காக ஒரு தாய்மாமனை மாற்றுவார்களா அக்கா?

இருந்தாலும் உன் மனது புண்பட்டது உண்மை, எனக்கு அது தாங்கவில்லை. ஆகவே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். சங்கத்தின் தலைவர் பதவியை ராஜினாமா செய்து கடிதம் எழுதி, உறையில் போட்டு மேஜைமேல் வைத்திருக்கிறேன். இனி வட்டமும் இல்லை, குழுவும் இல்லை. கல்யாணத்தன்று தனியாக, பஸ்ஸில், கையில் கோழியோடு அல்லது நீ சொல்வது எதுவோ அதோடு, முதல் ஆளாக வந்து நிற்பேன். அவர்களில் ஒருவர் நிழல்கூட உன் வாசலில் விழாது. என்னைத் தள்ளிவிடாதே.

மச்சானுக்கு என் வணக்கம். ஆடுகளுக்கு நோய் வராமலும், உன் மூட்டுவலி குறைந்தும், சின்ன நாத்தனாருக்கு நாவடக்கம் கூடியும் உங்கள் வீடு விளங்கக் கர்த்தர் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் காலடித் தம்பி,
லமெக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தியாமிகே தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, ஃபிரேசர் மாமா வேணவே வேணாம், நீங்கதான் வரணும். தலைவர் பதவிய மட்டும் விட்டுறாதீங்க" என்றாள். ஏனம்மா என்றேன். "நாளைக்கு எனக்கும் அவருக்கும் சண்டை வந்தா நீங்க வந்து தீத்து வைக்கக்கூட வேணாம் மாமா. 'மாமா சங்கத்தக் கூட்டிட்டு வர்றாராம்'னு சொன்னாப் போதும். நேத்து ராத்திரி போன்ல ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். உடனே சம்மதம்னுட்டார்" என்றாள். ஆகவே ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். இங்கே விடுதியில் எல்லோரையும் கேட்டதில், ஆண்டு மாநாட்டைக் கல்யாணத்தோடு சேர்த்து உன் வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று ஒருமனதாக முடிவாகியிருக்கிறது, பந்தலைப் பெரிதாகப் போடச் சொல். உனக்கு இதில் சம்மதம் இல்லையென்றால் தயங்காமல் எழுது அக்கா. எல்லோருமாக வந்து, வட்டமாக உட்கார்ந்து பேசுகிறோம்.