அரக்குப் பட்டும் அடையாறு கிராஸிங்கும்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றே முக்காலுக்கு நான் டாக்சியிலிருந்து இறங்கினேன். இறங்காமல் இருந்திருந்தால் இதை எழுதும் வேலையே வந்திருக்காது.

என் மகன் கார்த்திக்கின் நிச்சயதார்த்தம். அடையாறில் மண்டபம் எதிரிலேயே தெரிகிறது. ஆனால் சாலையின் நடுவே நீளத்துக்குக் கம்பித் தடுப்பு. வண்டி எங்கேயோ போய்த் திரும்பி வர வேண்டும். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் பெண்ணுக்குப் புடவை கொடுத்தாக வேண்டும்.

"நீங்க சுத்தி வாங்க. நான் புடவையோட குறுக்கால நடந்துடறேன். ரெண்டே நிமிஷம்."

"வேணாங்க, பேசாம உக்காருங்க" என்றாள் என் மனைவி நிர்மலா. (அவள் சொல்வதும் நான் உட்காராததும் வழக்கம்தான்.)

நடைபாதை அருமை. பளபளக்கும் கல், உட்கார பெஞ்சு. ஒரே குறை, இந்தப் பக்கம் நடப்பவனுக்கு அந்தப் பக்கமும் வேலை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தடுப்பு விட்டுப்போன ஓர் இடத்தில் வெள்ளைக் கோடுகளும், அமுக்க ஒரு பொத்தானும் இருந்தன. அமுக்கினேன். விளக்கிலிருந்த சிவப்பு ஆள் அசையவில்லை. பேருந்துக்குக் கைகாட்டினேன், டிரைவரும் கைகாட்டிவிட்டுப் போனார். ஒரு காலை வைப்பேன், பைக் வரும், எடுத்துவிடுவேன். கையில் தாம்பாளம், அதில் அரக்குப் பட்டு, மேலே ரோஜா மாலை. ஐம்பத்தைந்து வயதில் நடுத்தெருவில் பரதநாட்டியம்.

அப்போது சாவு மேளம் கேட்டது. ஓர் இறுதி ஊர்வலம். அத்தனை வண்டிகளும் அடங்கி நின்றன. (இந்தச் சாலையில் வண்டி நிற்க ஒருவர் சாகவேண்டியிருக்கிறது.) இதுதான் சமயமென்று கூட்டத்தோடு கலந்தேன்.

மேளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர் என் தாம்பாளத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"டேய் ஏகாம்பரம்! அத்தையோட பொறந்த ஊட்டுக் கோடி வந்துச்சுடா!"

பெண் இறந்தால் பிறந்த வீட்டுப் புதுப்புடவை போர்த்தித்தான் அனுப்ப வேண்டும். பாவம், காத்துப் பார்த்து, யாரும் வராமல் கிளம்பியிருக்கிறார்கள்.

"இல்லீங்க, நான் எதிர்ல..."

"எதிர்ல இன்னா நைனா? அத்த இங்கதான் கீது. வயி வுடுங்கபா!"

ஏகாம்பரம் இறந்தவரின் மகன். என் தோளில் வந்து விழுந்தார். "மாமா! கடசி வரிக்கும் அம்மா வாசலயே பாத்துகினு இருந்துச்சு மாமா!"

நான் யாரென்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. (யார் அழுதாலும் எனக்கு வந்துவிடும்.) அதுவே உறவுக்குச் சாட்சியாகிவிட்டது. மாலை அந்த அம்மாவின் கழுத்துக்குப் போயிற்று. புடவையை நானே போர்த்தினேன். பிறகு இரண்டு பேர் என் கையைப் பிடித்து, ஒரு கீறல் படாமல், எதிர்ப்பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். சென்னையில் நான் இவ்வளவு பத்திரமாகச் சாலையைக் கடந்ததே இல்லை.

மண்டப வாசலில் பெண்ணின் அப்பா என் தலையிலிருந்த சாமந்தி இதழ்களைப் பார்த்தார். வெறும் தாம்பாளத்தையும் பார்த்தார். "புடவை, சம்பந்தி?"

"பின்னால வருது" என்றேன்.

இன்றுவரை என் மருமகள் என்னை வெளியே அனுப்பும்போது கையில் எதையும் கொடுப்பதில்லை. பால் பாக்கெட்கூட அவளே வாங்கி வருகிறாள்.

அன்று நாலு இருபதுக்கு டாக்சி வந்தது. நிர்மலா மலர்ந்த முகத்தோடு இறங்கினாள்.

"வழியில ஒரு சாவுங்க, அதான் லேட்டு. நல்ல சகுனம்! யாரோ மகராசி, பட்டு போத்திக்கிட்டுப் போறா. நம்ம புடவை மாதிரியே அரக்கு, அதே மாங்கா பார்டர். சரி, நம்மளுது எங்க?"